ஆனந்த குமாரசுவாமி குறித்த இணையவழி வகுப்பு: ஒரு மதிப்பீடு

கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் ஆய்வுப் பணியை மட்டுமே பொருளாகக் கொண்ட பத்து வார இணையவழி வகுப்பை அண்மையில் முடித்தேன். சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1877-இல் கொழும்பில் பிறந்து, நிலவியல் பயின்று, இலங்கையின் கனிம ஆய்வுக்குத் தலைமையேற்றவர், அந்தப் பணிக்காக ஊர் ஊராகச் சென்றபோது மரபுக் கைவினைகள் நலிந்து வருவதைக் கண்டார் என்பதிலிருந்து வகுப்பு தொடங்குகிறது. தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவரின் முதல் பெருநூல் 1908-இல் சிங்களக் கலையைப் பற்றி வெளிவந்ததையும், பின்னர் அவர் சுதேசி இயக்கத்தை ஆதரித்து, கலை மீளாமல் நாடு மீளாது என்று வாதிட்டதையும் ஆசிரியர் அவசரமின்றி விளக்குகிறார்.

என்னை முழுமையாக ஈர்த்தது புத்தர் உருவம் பற்றிய வகுப்பு. புத்தரின் திருவுருவம் கிரேக்கச் செல்வாக்கால் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கிலுள்ள காந்தாரத்தில் தோன்றியது என்ற பிரெஞ்சு அறிஞர் ஃபூஷேயின் கருத்தை 1927-இல் குமாரசுவாமி மறுத்து, அதன் வேர் யட்சன் சிலைகள் போன்ற இந்திய மரபிலேயே உள்ளது என்றார். அந்த வாதத்தைச் சொல்லிச் செல்லாமல், மதுராவின் கத்ரா என்ற இடத்தில் கிடைத்த புத்தர் சிலையைத் திரை முழுவதும் நிறுத்தினார் ஆசிரியர்: செம்மணற்கல், மூடாத வலத்தோள், உடலோடு ஒட்டிய மெல்லிய ஆடை, தொடைமேல் ஊன்றிய இடக்கை, பீடத்தில் சிங்கங்கள். பக்கத்திலேயே, மக்கள் வழிபட்ட காவல் தெய்வமான யட்சனின் பழைய சிலை ஒன்றை வைத்ததும், அந்த அகன்ற தோள்களின் உறவு தானாகவே விளங்கியது. இரு வட்டாரங்களிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவங்கள் எழுந்திருக்கலாம் என்ற பிற்கால ஆய்வாளர்களின் கருத்தையும் நேர்மையாகச் சொன்னார்.

அந்த நேர்மை ராஜபுத்திர ஓவிய வகுப்பில் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ராஜஸ்தானிலும் பஞ்சாப் இமயமலைப் பகுதியிலும் தீட்டப்பட்ட அவ்வோவியங்களை 1916-இல் குமாரசுவாமி முகலாய ஓவியத்திலிருந்து பிரித்து, இந்து சமய உணர்வில் வேரூன்றியவை என்றார். அந்தப் பிரிவினை இன்று எவ்வளவு நிற்கும் என்று ஆசிரியர் கேட்கவேயில்லை. ஹரித்வாரில் யாத்ரீகர்களின் குடும்ப விவரங்களைக் குறித்து வைக்கும் பண்டாக்கள் என்னும் புரோகிதர்களின் பதிவேடுகளிலிருந்து ஓவியர்களின் வம்சங்களைக் கண்டறிந்த கலை வரலாற்றாளர் பி.என். கோஸ்வாமி, பாணியின் அடிப்படை குடும்பமே என்று 1968-இல் எழுதினார். இமயமலைச் சிற்றரசான குலேரின் ஒரே குடும்பத்தில் அண்ணன் மானக்கு, ராதை-கண்ணன் காதலைப் பாடும் கீத கோவிந்தத்தைத் தீட்டினார். தம்பி நைன்சுக் முகலாய நுட்பத்தை உள்வாங்கி, தம் புரவலர் பல்வந்த் சிங்கின் அன்றாட வாழ்வைத் தீட்டினார். சமயத்தைச் சுவராக எழுப்பினால் இச்சகோதரர்களை எங்கே நிறுத்துவது? இதைக் கேட்டபோது, பாடத்திட்டத்தில் இல்லை என்ற பதிலே கிடைத்தது. சமயமும் தேசிய அடையாளமும் கலையில் எப்படிப் பிணைகின்றன என்பதுதான் வகுப்பின் பொருள் என்னும்போது, இதைவிட முக்கியமான கேள்வி வேறு என்ன இருக்க முடியும்?

1917 முதல் 1947-இல் மறையும் வரை பாஸ்டன் அருங்காட்சியகத்தில் அவர் ஆற்றிய பணிக்கு ஒரே வாரம்தான். படங்களின் தரம் மிக நன்று. சேருங்கள், ராஜபுத்திர ஓவிய வாரத்துக்கு முன் கோஸ்வாமியைப் படித்துவிட்டு, அதே கேள்வியை நீங்களும் கேளுங்கள்.