கோலனோஸ்கோபியில் பாலிப் தேட எந்த ஒளி கைகொடுக்கிறது? என்பிஐ, எல்சிஐ, சாயம், ஏஐ: ஒரு மதிப்பீடு

பெருங்குடலைக் கேமராக் குழாயால் பார்க்கும் கோலனோஸ்கோபியில், பொத்தானை அழுத்தியதும் திரை நிறம் மாறி ரத்தக் குழாய்கள் பளிச்சென்று தெரிவதால், என்பிஐ-யை (குறுகிய பட்டை ஒளிப் படமுறை) பாலிப் தேடும் கருவியாகவே பலர் நினைக்கிறார்கள். குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சியான பாலிப்பைத் தேடுவது ஒரு வேலை. கிடைத்த பாலிப் எந்த வகை என்று சொல்வது வேறு வேலை. என்பிஐ-யின் உண்மையான பலம் இரண்டாவதில்தான்.

ஒலிம்பஸின் இந்த நுட்பம் 415, 540 நானோமீட்டரை ஒட்டிய இரு குறுகிய பட்டைகளை மட்டும் பாய்ச்சுகிறது. இரண்டையும் ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சும். அதனால் மேலடுக்கு நுண்குழாய்கள் பழுப்பாகவும், ஆழத்தில் ஓடுபவை நீலப்பச்சையாகவும் தெரியும். பாலிப்பைக் கழுவிவிட்டு நெருங்கிப் பாருங்கள். சுற்றுப்புறத்தைவிட வெளிறியோ அதே நிறத்திலோ இருந்தால், என்பிஐ தோற்றத்தை வைத்துப் பாலிப்பைப் பிரிக்கும் நைஸ் முறையில் வகை 1, பெரும்பாலும் தீங்கற்றது. வெண்மையான அமைப்புகளைச் சுற்றித் தடித்த பழுப்புக் குழாய்கள் ஓடினால் வகை 2, பெரும்பாலும் அடினோமா, அதாவது பிறகு புற்றுநோயாகக்கூடிய கட்டி. கரும்பழுப்பாகி, மேற்பரப்பு சிதைந்து, குழாய்கள் அறுந்து கிடந்தால் வகை 3. ஆழமாக ஊடுருவிய புற்றுநோயாக இருக்கலாம், அவசரப்பட்டு ஸ்னேர் (பாலிப்பை வெட்டியெடுக்கும் கம்பி வளையம்) போடக்கூடாது.

இதில் ஒரு பொறி உண்டு. புற்றுநோயாக மாறக்கூடிய தட்டையான செரேட்டட் (ரம்பப்பல் போன்ற திசு அமைப்புள்ள) பாலிப்பும் வகை 1 போலவே தெரியும். வலப்பக்கக் குடலில் சளி போர்த்தியிருக்கிறதா, விளிம்பு மங்கலா, மேற்பரப்பு மேகம் போலிருக்கிறதா, குழிகளுக்குள் கரும்புள்ளிகள் தெரிகின்றனவா என்று பார்க்காமல் 'சாதாரணம்' என்று எழுதிவிடக்கூடாது.

தேடும்போது என்பிஐ சறுக்குவது குடல் சுத்தமில்லாத இடத்தில். எஞ்சிய பித்தநீர் ரத்தம்போல் சிவந்து தெரியும், திரை இருண்டுவிடும். குடல் சுத்தத்துக்குப் பகுதிவாரியாக 0 முதல் 3 வரை மதிப்பெண் தரும் பாஸ்டன் அளவீட்டில் ஒரு பகுதி 2-க்குக் கீழே இருந்தால் வெள்ளை ஒளிக்குத் திரும்பி, தண்ணீர் பீய்ச்சி, உறிஞ்சி எடுப்பதே சரி. நுரையை அடக்க சிமெத்திகோன் மருந்து. முதல் தலைமுறை என்பிஐ அகன்ற குடலில் மிக மங்கல். புதியவை எவ்வளவோ தேவலை.

ஃபியூஜிஃபிலிமின் எல்சிஐ (நிற வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் படமுறை) தேடுவதற்கு நன்றாகவே உதவுகிறது. வெளிச்சம் குறையாது, சிவப்பு மேலும் சிவந்து, வெளுப்பு மேலும் வெளுப்பதால் தட்டையான பாலிப் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும்.

இண்டிகோ கார்மைன் சாயம் பழசு, ஆனால் இன்னும் கைவிடத்தக்கதல்ல. 0.1 முதல் 0.4 சதவீதக் கரைசல் பள்ளங்களில் தேங்கி விளிம்பை வரைந்து காட்டும். முதலில் சளியைக் கழுவாவிட்டால் சாயம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். எல்லோருக்கும் தெளிக்க நேரம் போதாது. நீண்டகால அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் (பெருங்குடல் புண் அழற்சி) அந்த நேரத்தைக் கொடுத்தே ஆகவேண்டும்.

ஏஐ பெட்டி போட்டுக் காட்டுவது திரையில் வந்ததை மட்டும். மடிப்புக்குப் பின்னால் ஒளிந்த பாலிப்பை அது அறியாது. நுரைக்கும் மடிப்புக்கும்கூடப் பெட்டி போடும். கூடுதலாகச் சிக்குபவை பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்கு உட்பட்டவை. ஸ்கோப்பை வெளியே இழுக்க எதுவும் கிடைக்காதபோதும் குறைந்தது 6 நிமிடம் வேண்டும். இப்போதைய அமெரிக்கப் பரிந்துரை 8. ஒவ்வொரு மடிப்பின் பின்புறத்தையும் விரித்துப் பார்த்து, வலப்பக்கக் குடலை இரண்டாம் முறையும் பார்ப்பவரின் கையில்தான் ஏஐ பயன்படும்.