60 ஜிபி வரை குதிரை: இரண்டரை வருஷம் பழகிய எஸ்எஸ்டி

போன வாரம் அத்தை மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். 2 டிபி எஸ்எஸ்டி, அதாவது சுழலாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க், இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். ஒன்று டிஎல்சி, இன்னொன்று க்யூஎல்சி. இரண்டும் சிப் வகையின் பெயர். கீழே ஒரே வரி: "மச்சான், க்யூஎல்சி மூவாயிரம் கம்மி. நீயும் அதைத்தானே போட்டிருக்க? வாங்கிடவா?"

"வாங்காதே" என்று உடனே பதில் போட்டுவிட்டேன். அப்புறம்தான் ஏன் அப்படிச் சொன்னோம் என்று யோசித்தேன். என் லேப்டாப்பில் அது இரண்டரை வருஷமாக ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை.

நான் வாங்கியது 2023 நடுவில். எஸ்எஸ்டி விலை தரையில் கிடந்த காலம். இப்போது ஏஐ டேட்டா சென்டர்களுக்கென்று சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதில் நம் மாதிரி ஆட்களுக்கு விலை ஏறிக் கிடக்கிறது, அது வேறு கதை. என் கேமிங் லேப்டாப்போடு வந்தது 512 ஜிபி. விண்டோஸ் கணக்கில் 476. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஒன்றே 150 ஜிபி கேட்கும். இரண்டு பெரிய கேம் குடியேறினால் மூன்றாவதுக்குத் திண்ணைதான். உள்ளே எஸ்எஸ்டி செருகும் இடம், எம்.2 ஸ்லாட் என்பார்கள், இன்னொன்று காலியாக இருந்தது. அது ஜென் 3, பழைய தலைமுறை வேகம். டப்பாவில் வினாடிக்கு 7000 எம்பி என்று போட்ட ஜென் 4 டிரைவைச் செருகினாலும் அதில் 3500 பக்கம்தான் போகும். அதனால் காசை வேகத்தில் போடாமல் இடத்தில் போடலாம் என்று 2 டிபி க்யூஎல்சி வாங்கினேன். அது சரியான முடிவு என்று பாதி நாள் நினைப்பேன்.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. ஸ்க்ரூக்களைக் கழற்றி, பழைய சிம் கார்டை ஓரத்தில் நுழைத்து மூடியைக் கிளப்பும்போது டக் டக்கென்று கிளிப்புகள் விடும் சத்தம்தான் வயிற்றைக் கலக்கும். பேட்டரி கனெக்டரை முதலில் பிடுங்கிவிட வேண்டும். டிரைவைச் சாய்வாகச் செருகினால் ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும். அதை அழுத்தி ஒரு ஸ்க்ரூ போட வேண்டும். அந்த ஸ்க்ரூ லேப்டாப்போடும் வரவில்லை, எஸ்எஸ்டி டப்பாவிலும் இல்லை. லேப்டாப்பைத் திறந்தபடி மேஜையில் விட்டுவிட்டு, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன்.

"அண்ணே, எம்.2 ஸ்க்ரூ ஒண்ணு கிடைக்குமா?"

"ஒரு ஸ்க்ரூவுக்கா தம்பி இந்த வெயில்ல வந்தீங்க?" என்றார் கடைக்காரர். ஒரு மிட்டாய் டப்பாவைக் கிளறி இரண்டு எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "ஒண்ணு எப்படியும் தொலையும்." தொலைந்தது. ஃபேன் இடுக்கில் விழுந்து, லேப்டாப்பைக் குழந்தையைப் போலக் குப்புறப் போட்டுத் தட்டி எடுத்தேன்.

ஆன் பண்ணினால் புது டிரைவ் கண்ணில் படவில்லை. பதற வேண்டாம், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் ஜிபிடி (டிரைவில் இடம் பிரிக்கும் முறை) என்று தேர்ந்தெடுத்து ஃபார்மட் செய்தால் வந்துவிடும்.

அன்று இரவுதான் முதல் கோபம். அந்த 150 ஜிபி கேமை பழைய டிரைவிலிருந்து புதியதற்கு மாற்றினேன். முதல் 60 ஜிபி ஒரு நிமிஷத்துக்குள் பறந்தது. வாயெல்லாம் பல். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் வினாடிக்கு 80 எம்பி! என் பழைய டெஸ்க்டாப்பில் இருந்த சுழலும் ஹார்ட் டிஸ்க்கே இதைவிட வேகமாக எழுதும். மிச்சம் 90 ஜிபி போய்ச் சேர இருபது நிமிஷம் ஆனது.

டிரைவ் பழுது என்றே நினைத்தேன். பழுது இல்லை, அதன் பிறவிக் குணம். சிப்புக்குள் தகவல் உட்காரும் குட்டி அறைதான் செல். டிஎல்சி ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும், க்யூஎல்சி நாலு. நாலு பிட் என்றால் ஒரே செல்லில் 16 மின்னழுத்த நிலைகளைப் பிசகாமல் பிரித்து எழுத வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். இதை மறைக்க, காலி செல்களில் முதலில் ஒரு பிட் மட்டும் அவசரமாக எழுதி வைத்துக்கொண்டு, சும்மா இருக்கும்போது நாலு நாலாக அடுக்கும். மழை வருகிறதென்று கொடித் துணியை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு அப்புறம் மடிப்போமே, அதே கதைதான். கட்டில் நிறைந்துவிட்டால் ஒன்றை மடித்து வைத்த பிறகுதான் அடுத்ததைக் கொண்டுவர முடியும். இதில் கொடுமை, டிரைவ் நிறைய நிறையக் கட்டிலும் சிறுத்துக்கொண்டே போகிறது. இப்போது என்னுடையது முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. 15 ஜிபி தாண்டியதுமே படுத்துவிடுகிறது. டப்பாவில் 3500 என்று கொட்டை எழுத்தில் போட்டவர்கள் இதைப் பொடி எழுத்தில்கூடப் போடவில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். கேம் விளையாடுவது என்பது பெரும்பாலும் படிக்கும் வேலை, எழுதும் வேலை இல்லை. அதே கேமை இரண்டு டிரைவிலும் வைத்துப் பார்த்தேன். லோட் ஆகும் நேரத்தில் என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நெட்டில் இறக்கும்போதும் இந்தக் குணம் வெளியே தெரியாது. என் வீட்டு 100 எம்பிபிஎஸ் லைனில் வினாடிக்கு 12 எம்பிதான் வருகிறது, அதை எந்த டிரைவும் தூங்கிக்கொண்டே எழுதும். டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேர் ஆரோக்கியம் 95 சதவீதம் என்கிறது. இதுவரை எழுதியது 22 டெராபைட், கம்பெனி கொடுத்த வரம்பு 400க்கு மேல். ஒரு பக்கம் மட்டுமே சிப் உள்ளதால் மூடிக்கு அடியில் இடிக்காமல் உட்கார்ந்தது. மே மாதத்தில்கூடச் சூடு பெரிதாக ஏறவில்லை. குறை என்று எழுத உட்கார்ந்தால் ஒன்றுதான் தேறும்.

ஆனால் அந்த ஒன்று மாதம் ஒரு முறையாவது வந்து நிற்கும். கேம் ரெக்கார்டிங்கை இடம் மாற்றும்போது, நண்பனிடமிருந்து ஒரு கேமை வாங்கி வரும்போது, காப்பி வேகத்தைக் காட்டும் பச்சைக் கோடு செங்குத்தாகச் சரிந்து தரையோடு ஊர்வதைப் பார்த்தால் மூவாயிரம் மிச்சம் பிடித்தது மறந்துபோகும்.

இதையெல்லாம் அத்தை மகனுக்கு வாய்ஸ் மெசேஜில் சொன்னேன், நாலு நிமிஷம். முழுதும் கேட்டுவிட்டுக் கேட்டான்: "அப்போ நீ அதைக் கழட்டிட்டு டிஎல்சி போடப் போறியா?"

"நான் எதுக்குடா மாத்தணும்? நல்லாத்தானே ஓடுது."