நமீபியாவில் வாடகை வண்டி எடுக்கிறவர்களுக்கு: ஸ்டெப்னியை இறக்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹுக்கில் ஒரு சின்ன வாடகை வண்டிக் கம்பெனி எங்கள் கிரெடிட் கார்டிலிருந்து 17,600 நமீபிய டாலரை உருவிக்கொண்டது. நம்மூர்க் கணக்கில் 80,000 ரூபாய்க்கு மேல். வங்கியில் புகார் நடந்துகொண்டிருப்பதால் கம்பெனியின் பெயரை இங்கே போடவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் இந்தப் பதிவு உங்களுக்குப் பயன்படும். அங்கே சந்தித்த வேறு பயணிகளும், வேறு வேறு கம்பெனிகளின் பெயரைச் சொல்லி, கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொன்னார்கள்.

முதலில் ஒன்று. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ், ஷேர் டாக்சி என்று தென்னாப்பிரிக்காவைச் சுற்றிவிடலாம். நமீபியாவில் அது நடக்காது. தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்குக்கு மேல் பெரிய நாடு, மொத்த ஜனத்தொகையே 30 லட்சம்தான். பெரிய ஊர்களுக்கு இடையே வேன் ஓடுகிறது. ஆனால் மணல்மேடுகள் இருக்கும் சோசஸ்ஃப்ளே பக்கமோ, எட்டோஷா காட்டுக்குள்ளேயோ போக பஸ் கிடையாது. அதனால் பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி எடுத்துச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். நானும் என் அத்தை மகனும் கேப் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தோம். ஹாஸ்டலில் இரண்டு ஜெர்மன் பெண்கள் அதே வழியில் போகத் துணை தேடிக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் சேர்ந்து ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் எடுத்தோம். இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம். நமக்கு அதில் சிரமமே இல்லை. ஊரில் ஆர்டிஓ ஆபீசில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருந்தது.

டெபாசிட் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர், முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டை நம்பிக் கிளம்புகிறோம். நாங்கள் விசாரித்த எந்தக் கம்பெனியும் டெபாசிட்டுக்கு அதை ஏற்கவில்லை. ஓட்டுநர் பெயரில் கிரெடிட் கார்டு கேட்டார்கள். எங்கள் கார்டில் 20,000 நமீபிய டாலரைப் பிடித்து வைத்தார்கள். கார்டு நம்பர் அவர்கள் கைக்குப் போனபின் பிடி அவர்களிடம்தான்.

காலையில் வர வேண்டிய வண்டி, பொழுது சாய்ந்து கண் மசங்கும் நேரத்தில் ஹாஸ்டல் வாசலுக்கு வந்தது. கொண்டுவந்த பையன் ஒரு தாளை நீட்டினான். அதில் வண்டியின் படம், கீறல் இருக்கும் இடங்களில் பேனாவால் வட்டம். வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதற்கு அந்தப் படத்தில் இடமே இல்லை. என் அத்தை மகன் நாமக்கல்காரன், லாரிக் குடும்பம். "மாப்ள, மொதல்ல ஸ்டெப்னிய எறக்கிப் பாத்துரலாம்டா" என்றான். பையனிடம் கேட்டோம். இருட்டிவிட்டது, எல்லாம் போன வாரம் செக் செய்தது, ஆபீஸ் மூடப் போகிறார்கள், கையெழுத்துப் போடுங்கள் என்றான். நாளைக் காலையில் பார்த்துவிட்டுப் போடுகிறோம் என்றதற்கு, அப்படியானால் வண்டியைத் திருப்பி எடுத்துப் போகிறேன், முன்பணம் திரும்ப வராது என்றான். தாமதமாக வருவதும் அவசரப்படுத்துவதும் தற்செயல் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இன்சூரன்சில் இருப்பதிலேயே பெரிய கவர் வாங்கியிருந்தோம். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் அதில் சேர்ந்ததா என்று ஆபீசில் நேரிலேயே கேட்டோம். ஆமாம், எல்லாம் சேர்ந்தது என்று கவுண்டரில் இருந்தவர் வாய் நிறையச் சொன்னார். முழு ஒப்பந்தத்தை மெயிலில் அனுப்புவதாகவும் சொன்னார். அது நாங்கள் கிளம்பிய பிறகுதான் வந்தது. திறந்து பார்த்தால் டயர் ஒன்றுக்கு மட்டும் கவர், அடிப்பாகத்துக்குக் கிடையவே கிடையாது. சரளை மண் ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் மொத்த கவரும் ரத்து, வண்டியில் பொருத்திய டிராக்கர் வேகத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த வேகக் கட்டுப்பாட்டில் எனக்குக் குறையே இல்லை. அந்த ரோட்டில் சக்கரம் வழுக்கிக் கவிழ்ந்த வண்டிகளை நாங்களே பார்த்தோம். வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டு தாளில் வேறொன்றைப் போட்டதுதான் அயோக்கியத்தனம்.

விண்ட்ஹுக்கிலிருந்து ரெஹோபோத் வரை அருமையான தார் ரோடு. அதற்குப் பிறகு சரளை மண். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, மெதுவாகத்தான் போனோம். சொலிட்டேர் என்கிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பேக்கரி, ஒரு பஞ்சர் கடை, சுற்றிலும் துருப்பிடித்த பழைய கார்கள். வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கே டீசல் நிரப்பிக்கொண்டு சோசஸ்ஃப்ளேவுக்கு வாசலான செஸ்ரியம் நோக்கி சி19 ரோட்டில் பாதி தூரம் போயிருப்போம், பின் டயர் கிழிந்து உட்கார்ந்துவிட்டது.

ஹைலக்சில் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில், பின்பக்கம் சங்கிலியில் தொங்கும். பம்பரில் உள்ள ஓட்டை வழியாக நீளமான கம்பியை விட்டுத் திருகினால்தான் கீழே இறங்கும். அந்தக் கம்பியைக் காணோம். ஜாக்கி இருந்தது, அதன் கைப்பிடி இல்லை. நல்ல வெயில். போனில் சிக்னல் சுத்தமாக இல்லை. முக்கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தபின் ரோட்டைச் சமன் செய்யும் கிரேடர் வண்டிக்காரர்கள் இருவர் வந்தார்கள். நாங்கள் கை காட்டும் முன்பே நிறுத்தி, தங்கள் கம்பியைக் கொண்டு ஸ்டெப்னியை இறக்கிக் கொடுத்தார்கள். காசு நீட்டியபோது வாங்கவில்லை, குளிர்ந்த தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அந்த நாட்டு மக்களைப் பற்றி யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இறங்கிய ஸ்டெப்னியைப் பார்த்ததும் அத்தை மகன் முகம் மாறிவிட்டது. பக்கச்சுவர் முழுக்க வறண்ட குளத்து மண் மாதிரி வெடிப்பு. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். எங்கள் ஸ்டெப்னியில் 3511. அதாவது 2011ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது. அதை மாட்டிக்கொண்டு பாலைவனத்துக்குள் போகத் துணிவில்லை. மெல்ல உருட்டிக்கொண்டு சொலிட்டேருக்கே திரும்பினோம். பஞ்சர் கடை வாசலில் வண்டி நிற்கவும் அந்த ஸ்டெப்னியும் பட்டென்று பிளந்தது. கிழிந்த டயரைக் கடைக்காரர் உள்ளே பேட்ச் வைத்து ஓடும்படி செய்துகொடுத்தார். பழைய டயர் ஒன்றையும் ஸ்டெப்னிக்காக விலைக்குத் தந்தார். அங்கிருந்து கம்பெனிக்கு போன் போட்டோம். தொட்டும் தொடாமலும் பேசினார்கள். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், வந்ததும் பார்க்கலாம் என்று முடித்துக்கொண்டார்கள்.

மீதிப் பயணம் நல்லபடியாகவே போனது. செஸ்ரியத்தில் கூடாரம் போட்டு, விடியும் முன் கிளம்பி, தார் ரோடு முடிந்து கடைசி 5 கிலோமீட்டர் மணலில் ஊர்ந்து, மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் டெட்ஃப்ளே போனோம். பிறகு குயிசெப் கணவாய், வால்விஸ் பே, ஸ்வாகோப்முண்ட், எட்டோஷா. எட்டோஷாவுக்குள் இருக்கும் ஒகாவ்குவேயோ முகாமில் விளக்குப் போட்ட தண்ணீர்க் குட்டைக்கு ராத்திரி கறுப்பு காண்டாமிருகம் குட்டியோடு வந்தது. இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரும் நமீபியாவே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது வந்தவர் வேறு ஆள். சுற்றிப் பார்த்தார், சிரித்தார், எல்லாம் நல்லா இருக்கு என்றார். அதை எழுதித் தரச் சொன்னோம். கழுவிய பிறகுதான் முடிவாகச் சொல்ல முடியும், மெயிலில் வரும் என்றார். நாங்கள் போட்ஸ்வானாவுக்குள் போய்ச் சேர்ந்த பிறகு மெயில் வந்தது, பணம் எடுக்கப்பட்ட செய்தியும் கூடவே. இரண்டு புது டயர் 7,800. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் காப்புத் தகடு நசுங்கியதற்கு 6,500. ரிப்பேர் நாட்களில் வண்டி ஓடாததால் ஏற்பட்ட வருமான இழப்பு 2,400. நிர்வாகக் கட்டணம் 900. தயாரித்துப் பதினைந்து வருஷத்தை நெருங்கும் டயரை எங்கள் தலையில் கட்டியது அவர்கள், அதற்குப் புது டயர் விலை கொடுப்பது நாங்களா? படித்தபோது வந்த கோபம் இப்போதும் அடங்கவில்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு வீடியோ. ரோட்டில் ஸ்டெப்னியை இறக்கும்போது அந்த ஜெர்மன் பெண்களில் ஒருத்தி வண்டிக்கு அடியில் போனை நீட்டி எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தாள். நசுங்கிய தகடு அதில் தெளிவாகத் தெரிகிறது. மடிந்த இடத்தில் செம்பழுப்பாகத் துரு ஏறியிருக்கிறது. தேதியும் நேரமும் போனில் பதிவாகியிருக்கிறது. வண்டி எடுத்த மறுநாள் நசுங்கிய இரும்பில் அப்படித் துரு ஏறாது. இந்த வீடியோ, டிஓடி எண்ணின் போட்டோ, சொலிட்டேர் கடை ரசீது, கம்பெனியோடு நடந்த மெயில்கள் எல்லாவற்றையும் சேர்த்து நம்மூர் வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் எடுத்த பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவது, கேட்டோம். கம்பெனியுடன் நேரடியாகத் தீர்க்க முயன்றதற்கான ஆதாரத்தைத்தான் வங்கி முதலில் கேட்டது. அதனால் போனில் சண்டை போடாதீர்கள், மெயிலிலேயே கேளுங்கள். தகட்டுக்கான 6,500, வருமான இழப்பு 2,400 இரண்டும் திரும்ப வந்துவிட்டன. டயர் பணத்துக்கும் நிர்வாகக் கட்டணத்துக்கும் இன்னும் இழுத்தடிக்கிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து இருக்கிறது என்பதே அவர்கள் பதில்.

போகிறவர்கள் வண்டியைப் பகலில் மட்டும் கைமாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியைக் கீழே இறக்கச் சொல்லி நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள், ஐந்து டயரையும் போட்டோ எடுங்கள். கம்பி, ஜாக்கி, கைப்பிடி, காற்றடிக்கும் கம்ப்ரெசர் எல்லாம் கண்ணால் பார்த்தபின் வண்டிக்கு அடியில் போனை விட்டு வீடியோ எடுங்கள். சரளை ரோட்டில் போகப் போகிறீர்கள் என்றால் இரண்டு ஸ்டெப்னி கேளுங்கள், தருகிற கம்பெனிகள் இருக்கின்றன. ஒப்பந்தத்தைப் பணம் கட்டும் முன்பே மெயிலில் வாங்கி, "அடிப்பாகம்", "டயர்", "கண்ணாடி" மூன்றும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். போட்ஸ்வானாவுக்கு வண்டியோடு போவதாக இருந்தால் எல்லை தாண்டுவதற்கான கடிதத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது எழுதித் தராவிட்டால், அந்த ஆளை வைத்தே வண்டியைச் சுற்றி இன்னொரு வீடியோ.

விண்ட்ஹுக்கில் டயரை வைத்து நடக்கும் இன்னொரு மோசடியும் உண்டு. கடை வளாகங்களின் பார்க்கிங்கில் டயரைக் குத்திவிட்டு, உதவி செய்வதுபோல் வந்து, நீங்கள் குனிந்து சக்கரத்தைப் பார்க்கும்போது உள்ளே இருக்கும் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ரிமோட் சிக்னலைத் தடுத்துக் கதவு பூட்டாமல் செய்வதும் நடக்கிறது. பட்டனை அழுத்தியபின் கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டே நகருங்கள். ஏடிஎம்மில் யார் உதவிக்கு வந்தாலும் கார்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

கையில் மீதமிருக்கும் நமீபிய டாலரை அந்த நாட்டிலேயே செலவழித்துவிடுங்கள். தென்னாப்பிரிக்க ராண்டும் அதுவும் ஒன்றுக்கு ஒன்று சமம், நமீபியாவில் ராண்ட் செல்லும். ஆனால் எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்கா போய்விட்டால் கடையில் நமீபிய டாலரை வாங்க மாட்டார்கள்.