பிள்ளைகளோடு ஒயின் ஊருக்கு: போர்தோவா, அல்சாஸா?

பிரான்சின் ஒயின் பகுதி என்றாலே பலரும் முதலில் போர்தோவைத்தான் நினைக்கிறார்கள். பெயர் பெற்ற ஊர், பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் 2 மணி நேரம்தான். ஆனால் கூட வருகிற பிள்ளைகள் பத்து வயதுக்குள் என்றால், என் ஓட்டு கிழக்குப் பிரான்சில் உள்ள இன்னொரு ஒயின் பகுதியான அல்சாஸுக்கே.

போர்தோவில் ஒயின் பெரியவர்கள் சமாச்சாரம். போர்தோவுக்கு வடக்கே மெதோக் பக்கத்துப் பெரிய ஷாத்தோக்கள் (மாளிகையோடு கூடிய ஒயின் பண்ணைகள்) பலவற்றில் முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாது. நுழைந்தாலும் பீப்பாய் அறையில் நீண்ட விளக்கம்; பாதியிலேயே பிள்ளைகள் "போலாமா?" என்று சட்டையைப் பிடித்து இழுப்பார்கள்.

அல்சாஸில் 1953-ல் தொடங்கிய ஒயின் பாதை சுமார் 170 கி.மீ. தூரம், தோட்டங்களின் நடுவே ஊர் ஊராகப் போகிறது. பெரியவர்கள் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை ருசி பார்க்கும் ஊர்களுக்குப் பக்கத்திலேயே பிள்ளைகளுக்கும் ஏதாவது இருக்கும். உனவீரில் நாரைப் பூங்கா. கின்ட்ஸைமில் குரங்கு மலை: வாலில்லாத பார்பரி குரங்குகள் கூண்டில்லாமல் காட்டில் உலாவும். முன்பு அங்கே கொடுத்த பாப்கார்னை உள்ளங்கையில் வைத்து நீட்டினால், அவசரமே இல்லாமல் எடுத்துக்கொண்டன. பிடுங்கித் தின்னும் நம் கோயில் குரங்குகளைப் பார்த்தவர்களுக்கு நம்பவே முடியாது! அதற்கு மேலே ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டை. 1900-1908-ல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் இடிபாட்டிலிருந்து திரும்பக் கட்டியது. அசல் இல்லையே என்று குறைப்படுபவர்கள் உண்டு; எட்டு வயதுப் பையனுக்கு அது ஒரு குறையா?

சாப்பாட்டிலும் அல்சாஸ் சுலபம். தார்த் ஃப்ளாம்பே என்பது மெல்லிய மாவில் க்ரீம், வெங்காயம், பன்றி இறைச்சித் துண்டுகள் தூவிச் சுடுவது. பீட்சா தின்கிற பிள்ளை இதையும் தின்னும். சைவர்கள் இறைச்சி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போர்தோவில் சிப்பியும் வாத்தும் பெரியவர்களுக்கு விருந்து, பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் வெளியே கருகல் மொறுமொறுப்பும் உள்ளே கஸ்டர்டுமாக இருக்கும் கனலே என்ற போர்தோவின் குட்டி கேக்குக்கு அல்சாஸில் ஈடு கிடையாது.

போர்தோ ஜெயிக்கிற இடமும் உண்டு. கார் வேண்டாம், டிராம் போதும். அல்சாஸில் கார் இல்லாமல் சின்ன ஊர்களைச் சுற்றுவது திண்டாட்டம். கோடையில் போர்தோவின் பூர்ஸ் சதுக்கத்துக்கு எதிரே உள்ள நீர்க்கண்ணாடியை விட்டுப் பிள்ளைகள் நகரவே மாட்டார்கள். கருங்கல் தளத்தின்மேல் 2 செ.மீ. தண்ணீர், அது வடியும், பனிமூட்டம் கிளம்பும், மறுபடி நிரம்பும். மாற்றுடுப்பு எடுத்துப் போங்கள். கடலோர ஊரான ஆர்க்காஷோன் அருகே 100 மீட்டருக்கு மேல் உயரமான பிலா மணல்மேடு, பதின்ம வயதினருக்குச் சரியான இடம். 2016-ல் திறந்த ஒயின் அருங்காட்சியகம் மழை நாளுக்கு.

ஜூலை, ஆகஸ்ட், பெரிய பிள்ளைகள் என்றால் போர்தோ. மற்றபடி அல்சாஸின் கோல்மார் நகரில் அறை எடுங்கள். ஒயின் பாதையில் உள்ள ரீக்விர் ஊருக்கு காலையிலேயே போய்விடுங்கள், மதியம் கூட்டம் தாங்காது. எங்கே போனாலும் மதிய உணவை 2 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் பல உணவகங்களில் இரவு 7 மணிவரை அடுப்பு எரியாது.