‘ஹாட் டிஸ்க் செத்துப்போச்சு’ என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்: கிளிநொச்சியில் எங்களுக்கு நடந்தது

கிளிநொச்சி, பரந்தன், முல்லைத்தீவுப் பக்கம் யாராவது விண்டோஸ் 11 ஏற்றின பிறகு லப்டொப் திறக்கவில்லை என்று கடைக்குக் கொண்டுபோக இருந்தால், போவதற்கு முதல் இதை வாசியுங்கள். முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஏ9 வீதியில் இருக்கிற, சனம் நம்பிப் போகிற ஒரு கடை என்பது போதும்.

லப்டொப் தருமபுரத்தில் இருக்கிற என் அக்காவினுடையது. கனடாவில் இருக்கிற அத்தானின் தம்பி வாங்கி அனுப்பியது. அக்காவின் மகன், என் மருமகன், அதில்தான் படித்தான். ஆனால் அக்காவுக்கு அது வேறு காரணத்துக்காக முக்கியம். 2009இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் இழுபட்டுப் போய், கடைசியில் செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் வீட்டு அல்பம் ஒன்றும் மிஞ்சவில்லை. சமாதான காலத்தில் வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பியிருந்த கலியாணப் படங்கள், சாமத்தியவீட்டுப் படங்கள், அப்பாவின் ஒரே ஒரு நல்ல படம் எல்லாவற்றையும் சொந்தக்காரர் ஒவ்வொருவராகக் கேட்டு, ஸ்கான் பண்ணி எடுத்து அக்கா அந்த லப்டொப்பில் சேர்த்து வைத்திருந்தா. காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதியும் அதற்குள்தான்.

விண்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்ட்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்தது. அதற்குப் பிறகு அப்டேட் பகுதியில் விண்டோஸ் 11 இலவசமாகவே வந்து நின்றது. மருமகன் ஏற்றினான், ஒழுங்காக வேலை செய்தது. சில நாளில் இன்னொரு அப்டேட் வந்து லப்டொப் தானாக அணைந்து திறந்தபோது நீல நிறத் திரை. டிஸ்க்கைப் பூட்டுகிற பிட்லொக்கரின் 48 இலக்க ரிக்கவரி கீயை (மீட்புத் திறப்பை)ப் போடு என்று கேட்டது. மருமகனுக்குப் பரீட்சை நேரம். அக்கா பஸ் ஏறிக் கடைக்குக் கொண்டுபோனா.

கடையில் சொன்னது இதுதான்: “அக்கா, ஹாட் டிஸ்க் செத்துப்போச்சு. உள்ளுக்க இருக்கிறது ஒண்டும் எடுக்கேலாது. புதுசு போட்டால்தான் சரிவரும்.” படங்கள் என்று அக்கா கெஞ்சியிருக்கிறா. “அதை மறவுங்கோ” என்றிருக்கிறார்கள். புது எஸ்.எஸ்.டி (இப்போதைய வகை டிஸ்க்), விண்டோஸ் போட்ட கூலி என்று 24,000 ரூபா. பற்றுச்சீட்டு இல்லை. பழைய டிஸ்க்கும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அக்கா அழுதுகொண்டு ஃபோன் எடுத்தபோதே எனக்கு ஒன்று பொருந்தவில்லை. செத்த டிஸ்க் கீ கேட்குமா? அந்த நீலத் திரை வருவதற்கே லப்டொப் டிஸ்க்கைக் கண்டுபிடித்து, அதிலிருந்து கொஞ்சம் வாசித்திருக்க வேண்டும். டிஸ்க் உண்மையிலேயே போயிருந்தால் பூட் பண்ண டிஸ்க் எதுவும் இல்லை என்ற மாதிரி ஒரு வரிதான் வரும், லப்டொப் திறக்கும்போது முதலில் ஓடுகிற பயோஸுக்குள் போய்ப் பார்த்தாலும் டிஸ்க்கின் பெயர் இருக்காது. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கடைக்குப் போகுமுன் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். மருமகன் எடுத்து வைத்திருந்த அந்த ஒரு படம்தான் பிறகு எங்களுக்குச் சாட்சி.

கீ ஏன் கேட்டது என்றால், இப்போதைய பல லப்டொப்புகளில், விண்டோஸ் ஹோம் என்றாலும், மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்ளே போனவுடன் டிஸ்க் தானாகப் பூட்டப்படுகிறது. திறப்பு டி.பி.எம் என்ற சிப்பிடம் இருக்கும். அப்டேட்டோடு பயோஸும் மாறினால், அல்லது பயோஸில் யாராவது கைவைத்தால், அந்தச் சிப் சந்தேகப்பட்டுத் திறப்பைக் கொடுக்காது. அப்போதுதான் 48 இலக்கம் கேட்கும். பழுது எதுவும் இல்லை. அந்த இலக்கம் முதல் நாளே உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஃபோனில் அந்தக் கணக்கைத் திறந்து, உங்கள் கருவிகள் இருக்கிற பகுதிக்குப் போனால் ரிக்கவரி கீ கிடைக்கும். நீலத் திரையில் காட்டுகிற கீ ஐடியின் முதல் 8 எழுத்தும் கணக்கில் இருக்கிறதும் ஒன்றா என்று பாருங்கள்.

நான் கடைக்குப் போய்ப் பழைய டிஸ்க்கைக் கேட்டேன். முதலில் எறிந்துவிட்டோம் என்றார்கள். பிறகு கொழும்புக்கு அனுப்பிவிட்டோம். பிறகு, “செத்த சாமானை வச்சு என்ன செய்யப்போறியள் அண்ணை?” நான் அசையவில்லை. அது எங்களுடைய பொருள், செத்திருந்தாலும் எங்களுடையது, தராவிட்டால் பொலிசில் எழுதிக் கொடுப்பேன் என்றேன். கடைசியில் லாச்சிக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார்கள். லாச்சிக்குள் அதைப்போல இன்னும் டிஸ்க்குகள் கிடந்தன.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மருமகனின் கூட்டாளி ஒருவன் அந்த டிஸ்க்கை யு.எஸ்.பி உறைக்குள் போட்டு வேறு கொம்பியூட்டரில் குத்தினான். உடனே கீ கேட்டது. மருமகனின் கணக்கிலிருந்து 48 இலக்கத்தையும் எடுத்துப் போட்டார்கள். எல்லாம் இருந்தது. அப்பாவின் படம், காணிப் பத்திரம், ஒன்றும் குறையவில்லை. அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அப்பாவின் படத்தை அனுப்பினபோது அவ பதில் எழுதவில்லை, ஃபோனை எடுத்துப் பேசவும் முடியவில்லை.

பிறகு அதே பெடியன் கடை போட்ட “புது” எஸ்.எஸ்.டியையும் பார்த்தான். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது; டிஸ்க் எத்தனை மணித்தியாலம் ஓடியது, எவ்வளவு எழுதப்பட்டது என்று காட்டும். புதியது என்றால் அங்கே சில மணித்தியாலங்கள்தான் இருக்க வேண்டும். எங்களுக்கு விற்றது ஆயிரக்கணக்கான மணித்தியாலம் ஓடியது. யாரோ ஒருவரிடம் செத்துப்போச்சு என்று சொல்லிக் கழற்றினதாக இருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அவர்கள் போட்ட விண்டோஸும் கள்ளப் பிரதி. அதை இயங்கவைக்க ஒரு ஆக்டிவேட்டர் போட்டு, அதைப் பிடிக்காதபடி விண்டோஸோடு வருகிற வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் ஒரு ஃபோல்டரையே விலக்கி வைத்திருந்தார்கள். அந்த லப்டொப்போடு அசல் விண்டோஸ் அனுமதி வந்திருந்தது; அதே ஹோம் பதிப்பை மீண்டும் போட்டிருந்தால் காசில்லாமல் தானாக இயங்கியிருக்கும். இப்படிப்பட்ட ஆக்டிவேட்டர் உள்ள கொம்பியூட்டரில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

மாங்குளத்தில் டியூசன் நடத்துகிற ஒரு ஆசிரியரின் கதை இதைவிட மோசம். வேறு கடை, அதே நீலத் திரை. அவரிடம் ஒரு சொல் கேட்காமல் அதே டிஸ்க்கை ஃபோர்மட் பண்ணிவிட்டார்கள். பூட்டியிருந்த டிஸ்க்கை ஃபோர்மட் பண்ணினால், பிறகு கீ கிடைத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் மீளாது. வருசக்கணக்காக அவர் தட்டச்சுச் செய்த வினாத்தாள்கள் போய்விட்டன. கீ இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்க எத்தனை நேரம் எடுக்கும்?

கீ கேட்காமல் லப்டொப் திரும்பத் திரும்ப அணைந்து திறந்தால் அது வேறு விசயம். திறக்கிற நேரத்தில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து இரண்டு மூன்று முறை அணைத்தால் பழுதுபார்க்கும் திரை தானாக வரும். அதில் கடைசி அப்டேட்டை நீக்க இடம் இருக்கிறது. விண்டோஸ் 11 ஏற்றி 10 நாளுக்குள் என்றால் பழையதற்கே திரும்பலாம். கோப்புகள் அப்படியே இருக்கும்.

கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் டிஸ்க்கின் சீரியல் இலக்கத்தை எழுதி, “கேட்காமல் ஃபோர்மட் பண்ணக்கூடாது, கழற்றினால் பழையதைத் தரவேண்டும்” என்று துண்டில் எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். மறுக்கிற கடையில் விடாதீர்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எங்களுடைய முறைப்பாட்டை மாவட்டச் செயலகத்தில், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறோம். திரையின் படம், டிஸ்க் ஓடிய மணித்தியாலத்தின் படம் இரண்டையும் இணைத்தோம். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

செத்துப்போச்சு என்று சொல்லித் தந்த டிஸ்க் உங்கள் வீட்டில் எங்காவது கிடந்தால் எறிய வேண்டாம், ஃபோர்மட் பண்ணவும் வேண்டாம். லப்டொப்பை முதன்முதலில் திறந்தபோது எந்த மின்னஞ்சல் கொடுத்தீர்கள் என்று வீட்டில் எல்லாரிடமும் கேளுங்கள், வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பினவரிடமும் கேளுங்கள். கீ அவருடைய கணக்கில் இருக்கலாம்.