வீட்டுக்கே வந்து வீணைக்கு மேளம் கட்டித் தருபவர்கள்: ஒரு வீணை டீச்சரின் மதிப்புரை

ஸ்ரீரங்கத்தில் வீணை சொல்லிக்கொடுக்கிறேன். "டீச்சர், மேளம் கட்ட யாரிடம் கொடுப்பது?" என்று பெற்றோர்கள் கேட்காத மாதமே இல்லை. தந்தியை அழுத்தி வாசிக்கும் குறுக்குக் கம்பிகளான மெட்டுகளை மெழுகில் பதித்து, ஸ்வரம் சரியாக வரும்படி நிறுத்துவதுதான் மேளம் கட்டுவது. என் வீணைக்கும் மாணவிகளின் வீணைகளுக்கும் தஞ்சாவூரிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மகனும் வந்து கட்டித் தருகிறார்கள். பரம்பரையாக வீணை செய்கிற குடும்பம். அவர்கள் வேலை எப்படி, எதைக் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதி வைத்தால் பலருக்கும் உதவும்.

முதலில் என் தீர்ப்பு. காது விஷயத்தில் இவர்களுக்கு நிகராக நான் யாரையும் பார்க்கவில்லை. நேரம், கணக்கு இரண்டிலும் கொஞ்சம் கறாராகப் பேசிக்கொள்ள வேண்டும்.

புதிதாக வீணை வாங்கியவர்களுக்கு ஒரு விளக்கம். வீணையின் 24 மெட்டுகளும் அதன் நீண்ட கழுத்தான தண்டியில் ஆணி அடித்து நிற்பவை அல்ல. இரண்டு பக்கமும் ஓடும் கறுப்பு மெழுகில் பதிந்திருக்கின்றன. தேன்மெழுகோடு குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சுவது அது. வெயில், வாசிப்பு, வயது மூன்றும் சேர்ந்து மெழுகை அசைத்துவிடும். மெட்டு நகரும், சில இடத்தில் அமுங்கும். தினமும் வாசிக்கிற வீணைக்கு ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறையாவது மேளம் கட்டியாக வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வீணையை விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போனால் அன்றைக்கே கட்ட வேண்டிவரும்.

இதற்கு முன் ஒரு கடையில் என் வீணையைக் கொடுத்திருந்தேன். சுருதி காட்டும் ட்யூனர் கருவியை வைத்து ஒவ்வொரு மெட்டையும் பச்சை விளக்கு எரியும் இடத்தில் நிறுத்திக் கொடுத்தார்கள். பார்வைக்குச் சுத்தமான வேலை. ஆனால் கல்யாணி ராகம் வாசித்தால் அதன் அந்தர காந்தாரம் உறுத்தியது. காரணம் எளிது. தம்பூராவின் மந்தர (கீழ் ஸ்தாயி) ஷட்ஜம் நன்றாகச் சேர்ந்தால் அந்தர காந்தாரம் அதற்குள்ளேயே கேட்கும். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கி ட்யூனர் காட்டும் காந்தாரம் அதைவிட ஏறக்குறைய 14 சென்ட் (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே நிற்கிறது. கீபோர்டில் பழகிய காதுக்கு அது தெரியாமல் போகலாம். தம்பூராவோடு உட்கார்ந்து வாசிக்கிறவளுக்குத் தெரியும்.

தஞ்சாவூர்ப் பெரியவர் ட்யூனரைத் தொடவே இல்லை. வந்ததும் வீணையைத் தரையில் கிடத்தி, "என்ன சுருதிம்மா வைக்கிறீங்க?" என்று கேட்டார். மூன்று கட்டை என்றேன். தந்திகளை அந்தச் சுருதிக்கு ஏற்றி, கொஞ்ச நேரம் அப்படியே இழுவையில் விட்டுவிட்டுத்தான் மெழுகில் கை வைத்தார். மெட்டை அழுத்தும்போது தந்தி சற்று நீண்டு சுருதி ஏறும். எவ்வளவு ஏறும் என்பது தந்தியின் இழுவையையும் மெட்டின் உயரத்தையும் பொறுத்தது. அதனால் வாசிக்கப்போகும் சுருதியிலேயே கட்ட வேண்டும் என்றார். நான் பல வருஷமாக வாசிக்கிறேன், இதை யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பழைய மெழுகை முழுக்கச் சுரண்டி எடுத்து, புதிதாகக் கொண்டுவந்த மெழுகோடு உருக்கி, சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வந்ததும் கையால் உருட்டித் தண்டியின் இரு ஓரமும் ஒட்டினார் மகன். மெட்டுகளைத் துடைத்து வரிசையாக அமுக்கினார். அதுவரை மகன் வேலை. அதற்கப்புறம் பெரியவர் மட்டும்தான். ஒரு மெட்டை விரலால் நகர்த்துவார், முதல் தந்தியான சாரணியை மீட்டுவார், இரண்டாம் தந்தியான பஞ்சமத்தை மீட்டுவார், மறுபடி நகர்த்துவார். அங்கேதான் விஷயமே இருக்கிறது. இரண்டாம் மெட்டு சாரணியில் சதுஸ்ருதி ரிஷபம், பஞ்சமத் தந்தியில் அதே மெட்டு சதுஸ்ருதி தைவதம். ஒரே மெட்டு இரண்டு ஸ்வரத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் கேட்டு நிறுத்தினால் மற்றது அழும். அந்த ஒரு மெட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் மகன் காபி குடித்துவிட்டு வந்துவிட்டான். மேல் ஸ்தாயியில் மெட்டுகள் நெருங்கிவிடுவதால் அங்கே மயிரிழை தவறினாலும் காட்டிக்கொடுக்கும். அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார்.

கடைசியில் "தோடி காந்தாரத்தை இழுத்துக் காட்டுங்கம்மா" என்றார். இழுத்தேன். ஓர் இடத்தில் தந்தி அடுத்த மெட்டில் லேசாக உரசியது. எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்டது. சூடாக்கிய கம்பியால் மெழுகை இளக்கி அந்த மெட்டை ஒரு துளி அமுக்கினார். மெட்டுகளின் உயரம் படிப்படியாக இறங்கி வந்தால்தான் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) இரையாமல் பேசும். மறுநாள் காலை, மெழுகு நன்றாக இறுகிய பிறகு, திரும்ப வந்து எல்லா மெட்டையும் இன்னொரு முறை பார்த்துக் கொடுத்தார். இந்த இரண்டாம் நாள் பார்வையை யாரும் கேட்டு வாங்குவதில்லை, இவர்களாகவே செய்கிறார்கள். இதற்காகவே நான் இவர்களை விடமாட்டேன்.

தந்திகளைத் தாங்கும் குதிரையையும் பார்த்தார்கள். மேலே உள்ள தகட்டில் தந்தி பள்ளம் விழுந்திருந்தது. அதைத் தேய்த்து, வளைவை மீண்டும் எடுத்தபின் மந்தரத் தந்தியின் கார்வை (நின்று ஒலிக்கும் நாதம்) நன்றாகக் கூடியது.

இப்போது குறைகள். வருகிறேன் என்ற நாளில் வரவில்லை, வாரம் தள்ளிப்போனது, போனையும் எடுப்பதில்லை. குதிரை வேலைக்குத் தனிக் கூலி என்று முடித்த பிறகுதான் சொன்னார்கள். தொகை நியாயமானதுதான், ஆனால் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். புதுத் தந்தி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தண்டியின் ஓரத்தில் மெழுகு சிந்திய கறையை நானே துடைக்க வேண்டியிருந்தது.

மெழுகே வேண்டாம், திருகி நகர்த்துகிற மெட்டு உள்ள எலக்ட்ரானிக் வீணை வாங்கிவிடலாமே என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். பயணத்துக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் அது வசதி, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் பாட்டியின் பலா வீணை இருக்கும்போது அதை அலமாரி மேல் ஏற்றிவிட்டு இதை வாங்காதீர்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல செய்திதான். ஆனால் பழைய வீணைகள் வாசிப்பில் இருந்தால்தான் இந்தக் காதுள்ளவர்களுக்கு அன்றாடம் வேலை இருக்கும். பெரியவருக்கு ஒரே மகன்தான் இந்தத் தொழிலில் இருக்கிறான், அவனும் மெட்டு நிறுத்த இன்னும் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறான். எனக்கு அதுதான் கவலை.

யார் கட்டினாலும் பணம் கொடுக்குமுன் இதைச் சரிபாருங்கள். சுருதி சேர்த்த வீணையில், சாரணியின் ஏழாம் மெட்டு, பக்கத்தில் உள்ள தாளத் தந்திகளில் பக்கப் பஞ்சமத்தோடு ஒன்ற வேண்டும், பன்னிரண்டாம் மெட்டு அங்கேயே உள்ள மேல் ஷட்ஜத் தந்தியான ஹெச்சு சாரணியோடு ஒன்ற வேண்டும். பஞ்சமத் தந்தியின் ஐந்தாம் மெட்டு திறந்த (மெட்டில் அழுத்தாத) சாரணியாகவே கேட்க வேண்டும். குழந்தையையே வாசிக்கச் சொல்லுங்கள், கேட்கப் பழகட்டும்.

நவராத்திரிக்கு முன்னால் இவர்களைப் பிடிப்பது கஷ்டம். விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகள் சேர்வதால் எல்லா வீட்டிலும் அப்போதுதான் வீணையை இறக்குவார்கள். ஆடியிலேயே சொல்லி வையுங்கள். தந்தி மாற்றுவதாக இருந்தால் அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றி, தினமும் சுருதி சேர்த்து, நீட்சி அடங்க விடுங்கள்.