நூறு நாள் வேலைக்கு ஏச்சு, ஆயிரம் ரூபாய்க்கு ஏக்கம்

ஊர் டீக்கடையில் நூறு நாள் வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால், "மரத்தடியில உட்கார்ந்துட்டு வர்றதுக்குச் சம்பளமா?" என்று நாலு பேராவது கேட்பார்கள். மகளிர் உரிமைத்தொகை என்று சொல்லிப் பாருங்கள். "எங்க வீட்டுக்கு ஏன் வரலை?" என்பதுதான் புகாராக இருக்கும். வெயிலில் மண் வெட்டி வாங்கும் காசுக்கு ஏச்சு, வீடு தேடி வரும் காசுக்கு ஏக்கம்.

கணக்கை முதலில் பார்ப்போம். 2025-26இல் தமிழகத்துக்கு அறிவித்த நூறு நாள் கூலி நாளுக்கு 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கு 33,600 ரூபாய். ஆனால் நூறு நாளும் கிடைப்பது அபூர்வம். வெட்டிய மண்ணை அளந்துதான் கூலி போடுகிறார்கள். உரிமைத்தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000. தொகை சிறிதுதான், ஆனால் மாதாமாதம் வந்துவிடுகிறது. நூறு நாள் வேலைக்கூலி அப்படியில்லை. 1,056 கோடி ரூபாய் பாக்கி என்று 2025 ஜனவரியில் முதல்வரே பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

அப்படியிருந்தும் வசவு ஏன் வேலைக்கு மட்டும்? ஒன்று, அது கண்ணுக்குத் தெரிகிறது. ஏரிக்கரையில் அறுபது வயது அம்மா மண்சட்டியை இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் பேருந்தில் போகிறவரெல்லாம் பார்க்கிறார்கள். வங்கிக் கணக்கில் விழும் ஆயிரத்தை யார் பார்க்கிறார்கள்? இன்னொன்று, என் கணிப்பில் பெரியது: வயல்காரர்களின் கோபம். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலியை ஏற்றிக் கேட்கிறார்கள். கூலிக்குப் போகிற பெண்ணுக்கோ அதுவேதான் லாபம். "நூறு நாள் வேலைக்குப் போய்க்கிறேன்" என்று சொல்ல முடிவதே அவளுடைய பேரம். உரிமைத்தொகை யாருடைய கூலிக் கணக்கையும் அவ்வளவாக இடிக்கவில்லை.

உரிமைத்தொகையில் சண்டையெல்லாம் தகுதி பற்றித்தான். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் கூடாது என்று விதிகள். நிராகரித்தால் இ-சேவை மையத்தில் மேல்முறையீடு. மாநில அரசு தன் நிதியிலிருந்து தருவது. தொகையும் விதியும் அரசு வைத்ததுதான். நூறு நாள் வேலைக்கோ 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. கேட்டு 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும். (வாங்கியவரை நான் பார்த்ததில்லை.)

வயல்காரர்களின் முணுமுணுப்பு கடைசியில் சட்டத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் வேலை நாட்களை 125 ஆக்கியது. கூடவே, விதைப்பு, அறுவடைக் காலத்தில் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் வழி செய்தது. செலவில் 40 விழுக்காடு மாநிலத்தின் தலையில். நாள் கூடியதைவிட இந்த 60 நாள்தான் எனக்கு உறுத்துகிறது. பேரம் பேச வாய்க்கிற பருவம் அதுதான். அப்போது ஏரி வேலை இல்லையென்றால் வயல்காரர் சொன்ன கூலிக்குத்தான் இறங்க வேண்டும். மாதம் வரும் ஆயிரம் அந்த இடத்தை நிரப்பாது.